மழையில் நனையாத மாஸ்டர்

தாழங்குளத்துக் கரையில் முயல்கள் இருந்தன. எதிரே பாறைக் குகையில் ஒரு நரி இருந்தது. அதன் பெயர் நெட்டையன்.

மழைக்காலம் வந்தது. புல் தளதளவென்று வளர்ந்தது. முயல்கள் தின்றன. புதருக்குள் படுத்தன. எழுந்து மறுபடி தின்றன. கொட்டுகிற மழையில் யார் வெளியே போய் ஓடுவது? எல்லாருக்கும் தொப்பை விழுந்தது. அதிலும் உருட்டை என்ற முயல் நடந்தால் வயிறு தரையைத் தொட்டது.

முயல்களின் தலைவன் செவியாண்டி கூட்டம் போட்டது.

“கல்லுமலை முயல்களுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்க ஒரு கீரி வருதாம்! நமக்கு யாரு இருக்கா? வெளியில தலை காட்ட முடியலை!”

அதாவது, தொப்பையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பக்கத்து மலைக்கு ஒரு மாஸ்டர் கிடைத்துவிட்டதுதான் கவலை.

“நான் சொல்லித் தரேன்!” என்று ஒரு குரல் கேட்டது.

நெட்டையன் நரி! முயல்கள் திசைக்கு ஒன்றாகச் சிதறின.

“ஓடாதீங்க! இது புரட்டாசி மாசம். நான் கவிச்சி தொடறதில்லை!”

“சத்தியமா?” என்று ஒரு புதர் கேட்டது.

“பெருமாள் மேல சத்தியம்! என் நெத்தியைப் பாருங்க!”

நெற்றியில் பெரிய நாமம் இருந்தது. முயல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நெற்றியில் நாமம் இருந்தால் வாயில் இருக்கிற பல்லை யார் பார்க்கிறார்கள்?

உருட்டை மட்டும் கேட்டது. “சரி, ஐப்பசி பிறந்தா?”

“அதிகப்பிரசங்கி!” என்று செவியாண்டி அதட்டியது. “மாஸ்டரைக் கேள்வி கேட்கிற வயசாடா உனக்கு?”

நரி குகைக்குத் திரும்பியது. அதன் மனைவி காத்தாயி வாசலிலேயே நின்றது.

“ஏன்யா, வாய்க்கு எட்டின முயலை விட்டுட்டு வந்திருக்கியே! கிறுக்கா உனக்கு?”

“இன்னைக்குப் பிடிச்சா ஒண்ணுதான் புள்ள. மத்ததெல்லாம் மலை தாண்டிப் போயிடும். முதல்ல நம்பட்டும். கடைசியா வர்றவன் தனியா, கூட ஒரு சுத்து ஓடணும்னு சட்டம் போடப் போறேன். ஐப்பசி பிறக்கட்டும். மத்தவனெல்லாம் வீட்டுக்குப் போயிருப்பான். அவன் மட்டும் களைச்சுப் போய் நம்ம பாறைப் பக்கமா வருவான். லபக்!”

“யாரு அவன்?”

“உருட்டை! வேற எவன் கடைசியா வரப் போறான்?”

“எங்கேன்னு மத்ததுங்க கேட்டா?”

“பயிற்சி தாங்காம ஓடிப் போயிட்டான்னு சொல்லுவேன். அவனைப் பார்த்தா யாரும் நம்பாம இருக்க மாட்டாங்க.”

மறுநாள் பயிற்சி தொடங்கியது. குளத்தைச் சுற்றி ஓட வேண்டும். மழை அடித்தது. நரி குகை வாசலில், ஒரு துளி விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

“ஓடு, ஓடு! மழைன்னா என்ன? கரைஞ்சா போயிடுவீங்க?”

உருட்டை சொட்டச் சொட்ட நின்று கேட்டது. “நீங்க வரலையா மாஸ்டர்?”

“நான் ஓடினா உங்களை யாருடா பார்த்துக்கிறது?”

செவியாண்டி ஒரு சேம்பு இலையைத் தலைக்குப் பிடித்தபடி நடந்து வந்தது. எல்லாருக்கும் பின்னால்தான் வந்தது. ஆனால் தலைவனுக்குச் சட்டம் கிடையாதாம். அதனால் உருட்டைதான் கடைசி. கூட ஒரு சுற்று!

தினமும் இதே கதை. ஓடத் தெரிந்தவன் சீக்கிரம் வீட்டுக்குப் போனான். ஓடத் தெரியாத உருட்டை இன்னும் ஓடியது. வடகரையில் செம்மண் வழுக்கியது. உருட்டை விழுந்தது. குளத்துத் தண்ணீர் வழிகிற கலிங்கில் பாசி பிடித்திருந்தது. அங்கேயும் விழுந்தது. முகவாய் பெயர்ந்தது. திட்டிக்கொண்டே எழுந்தது.

விழுந்து விழுந்து சில விஷயங்கள் தானாகப் புரிந்தன. செம்மண்ணில் தாவக் கூடாது. புல் இருக்கிற பக்கமாக ஓட வேண்டும். கலிங்கில் ஓடவே கூடாது. ஓரத்துக் கல்லில் பாதத்தைப் பதித்துப் பதித்து நடக்க வேண்டும். இதையெல்லாம் மாஸ்டர் சொல்லித் தரவில்லை. மாஸ்டருக்கே தெரியாது. கீழே இறங்கி வந்தால்தானே தெரியும்?

மாஸ்டர் வேறு வேலையாக இருந்தது. மழைக்கு நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்தன. தவளைகள் குகைக்குள்ளேயே குதித்தன. வாயைத் திறந்து வைத்தால் போதும்.

“புரட்டாசி விரதம்னு சொன்னே?” என்றது காத்தாயி.

“நண்டு தண்ணியில வளர்றது. தண்ணி சைவம்தானே?”

“வயித்தைப் பாருய்யா! நீயும் இறங்கி நாலு எட்டு நடந்தா என்ன?”

“மழை விடட்டும்.”

மழை விட்டது. “தரை காயட்டும்” என்றது நரி. தரை காய்வதற்குள் அடுத்த மழை வந்தது.

இப்படியே ஐப்பசியும் பிறந்தது. நரி நாமத்தைத் தேய்த்து அழித்தது. நாக்கைச் சப்புக் கொட்டியது. குகை வாசலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது.

அன்றைக்கு முதலில் ஓடி வந்தது உருட்டை!

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற முயல்களும் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு, “உருட்டை! கூட ஒரு சுத்து!” என்று கத்தியது.

“மாஸ்டர், இன்னைக்கு நான்தான் முதல்!”

“எதிர்த்துப் பேசறியா? அதுக்குத்தான் கூட ஒரு சுத்து!”

“தலைவர்தானே கடைசில வந்தாரு...” என்று உருட்டை செவியாண்டியைக் காட்டியது.

“மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றது செவியாண்டி. எல்லா முயல்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

உருட்டை மூக்கு விடைக்க ஓடியது. தன்னந்தனியாகப் பாறைப் பக்கம் வந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து நரி பாய்ந்தது. முன்பெல்லாம் ஒரே பாய்ச்சலில் வேலை முடிந்துவிடும். இப்போது வயிறு பாறையில் உரசியது. பாய்ச்சல் பாதி வழியிலேயே நின்றது.

உருட்டை திரும்பிப் பார்த்தது. அதன் கோபமெல்லாம் பறந்துவிட்டது.

“அட, மாஸ்டரே ஓட வந்துட்டாரே! மாஸ்டர், அந்தப் பக்கம் வழுக்கும்! புல்லு மேல வாங்க!”

நல்ல யோசனை. நரி புல்மேல் வந்தது. வேகம் பிடித்தது. உருட்டையின் வாலைக் கவ்வியது. ஒரு கொத்து முடி நரியின் வாயோடு போனது.

“ஐயோ! கடிக்கிறீங்க மாஸ்டர்!”

“ஐப்பசிடா!”

அப்போதுதான் உருட்டை நரியின் நெற்றியைப் பார்த்தது. பிறகு பல்லைப் பார்த்தது. அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. நெஞ்சு வெடிக்க ஓடியது. நரியின் மூச்சு முதுகில் சுட்டது. எதிரே கலிங்கு. பாசிமேல் தண்ணீர் சலசலவென்று வழிந்துகொண்டிருந்தது.

உயிர் போகிற நேரத்தில் யாருக்குத்தான் நடக்கத் தோன்றும்? உருட்டை நடந்தது. ஓரத்துக் கல்லில் பாதத்தைப் பதித்து நடந்தது.

“மாட்டினாண்டா!” என்று நரி நடுக் கலிங்கில் பாய்ந்தது.

நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. நரி மல்லாக்க விழுந்தது. தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு போய்க் கீழேயிருந்த சேற்றுப் பள்ளத்தில் சொருகியது.

உருட்டை ஒரே ஓட்டமாகப் புதருக்கு வந்து விஷயத்தைச் சொன்னது.

“மாஸ்டரைப் பத்தித் தப்பாப் பேசாதே!” என்றது செவியாண்டி.

உருட்டை திரும்பி நின்று மொட்டை வாலைக் காட்டியது. முயல்கள் அப்போதே கிளம்பிக் கல்லுமலைக்கு ஓடின. வழியெல்லாம் மழை. ஒருத்தருக்கும் மூச்சு வாங்கவில்லை. செவியாண்டிக்குத்தான் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

நரி சேறும் தும்மலுமாகக் குகைக்கு வந்தது. காத்தாயி அதை மேலும் கீழும் பார்த்தது.

“ஒரு மாசமா முயலுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தியே! குறை சொல்லக் கூடாதுய்யா, நல்லாவே சொல்லிக் கொடுத்திருக்கே!”

ஓடு ஓடு என்று கத்துகிற வாய்க்கு ஒன்றும் வராது. மழையில் நனைந்து ஓடுகிற காலுக்குத்தான் பலம் வரும்.