உள்ளே ஆள் இருக்கிறாரா?

பழிவாங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள்தான் ஊரில் அதிகம். இந்தக் கதையில் ஒரே மனிதர் மேல் இரண்டு பேருக்குக் கோபம். அவர் மாட்டிக்கொண்டு விழித்தபோது, 'அது என் பழி' என்று இருவருமே உரிமை கொண்டாடினார்கள். யாருடையது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சின்ன விஷயங்களையும் விடாமல் படியுங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

கோயம்புத்தூரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்று. எங்கே லிஃப்ட் பழுதானாலும் அங்கிருப்பவர் செல்போனில் புகார் எழுதுவார். புகார்ப் பக்கத்தைத் திறந்ததும் சில கேள்விகள் தாமாகவே வந்து நிற்கும். அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். முதல் கேள்வி இது: 'உள்ளே ஆள் இருக்கிறாரா? கதவைத் தட்டிப் பார்த்தீர்களா?' ஆம் என்று பதில் வந்தால் டியூட்டியில் இருப்பவரின் போன் அலறும்.

அந்தக் கேள்வியை எழுதியவள் அங்கே வேலை பார்த்த பூங்கோதை. அவளுடைய அம்மா ஒரு துணிக்கடை லிஃப்டில் அரை நாள் அடைபட்டுக் கிடந்தவர். அன்று புகாரில் 'லிஃப்ட் ஓடவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்த கேள்வி அது. மேனேஜர் சென்னியப்பன் அதைத் தன் யோசனை என்று சொல்லி ஆண்டு விழாவில் விருது வாங்கிக்கொண்டார். பூங்கோதை போய்க் கேட்டாள்.

"உங்கம்மா லிஃப்ட்ல மாட்டுனதுக்கெல்லாம் அவார்டு குடுப்பாங்களாம்மா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. மறந்திருந்தால் நானே அவளை மதித்திருக்க மாட்டேன்.

அடுத்த வருஷம், ஆபீஸ் சர்வரில் இருந்த புகார்களை எல்லாம் கிளவுடுக்கு மாற்ற முடிவானது. வேலை கம்ப்யூட்டர் பிரிவு ரஃபீக் தலையில் விழுந்தது. அவன் தங்கைக்கு அந்த வாரம் நிக்காஹ். "கல்யாணம் நீ இல்லாட்டியும் நடக்கும்" என்று சென்னியப்பன் லீவை மறுத்துவிட்டார். நடக்கத்தான் செய்தது. அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

இந்த மாற்றத்தில் ஒரு சிக்கல் இருந்தது. காம்பவுண்டு வீட்டில் எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே ஆட்டுக்கல் இருக்கும். வீடு மாறும்போது அவரவர் சாமானை அவரவர் லாரியில் ஏற்றுவார்கள். ஆட்டுக்கல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். டெம்ப்ளேட்டும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டடத்தின் புகார்களுக்கும் ப்ராஜெக்ட் என்று தனி இடம் உண்டு. டெம்ப்ளேட்டோ எந்த ப்ராஜெக்டிலும் இல்லாமல் பழைய சர்வரில் பொதுவான ஓர் இடத்தில் இருந்தது. ப்ராஜெக்டை மாற்றினால் அது கூடவே வராது.

இது ரஃபீக்குக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பூங்கோதைக்கும் தெரியும். எல்லாரும் இருந்த மீட்டிங்கில் எழுந்து சொன்னாள்.

"சார், பொதுவுல இருக்கற டெம்ப்ளேட் கூடவே வராதுங்க. ஒவ்வொரு ப்ராஜெக்டுலயும் தனியா வெக்கணும்."

"நீ எழுதுனதோட நிறுத்திக்கம்மா. எல்லாம் தானா வரும்" என்றார் சென்னியப்பன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மாற்றம் முடிந்ததும், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், கடை என்று தன்னால் திறக்க முடிந்த ப்ராஜெக்டுகள் அத்தனையிலும் டெம்ப்ளேட்டைத் தன் கையால் வைத்தாள். திறக்க முடியாதது ஒன்றே ஒன்று. அது சென்னியப்பன் வீட்டு லிஃப்ட். "என் வீட்டு விஷயத்துல எவனும் கை வெக்கப்படாது" என்று அதைப் பூட்டிவைத்து, கிளவுடுக்கும் அவரே மாற்றியிருந்தார். பூங்கோதை பூட்டைப் பார்த்தாள், கணினியை மூடினாள், பஸ் ஏறிவிட்டாள்.

அந்த லிஃப்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலைக்காரர்கள் ஏறிவிடக் கூடாதென்று அதன் சாவியைச் சென்னியப்பன் தன் பையிலேயே வைத்திருப்பார். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவிக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே பயம்; கிரகப்பிரவேசத்தன்றுகூட மூச்சு வாங்க மாடிப்படிதான் ஏறினார். விருந்துக்குப் போன பூங்கோதை அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். தூக்கம் கெடுகிறதென்று லிஃப்டின் அபாய மணியையும் சென்னியப்பன் கழற்ற வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி கார் எடுத்துக்கொண்டு திருப்பூர் கல்யாணத்துக்குக் கிளம்பினார். ஐயாவும் கூடப் போய்விட்டார் என்று வாட்ச்மேன் நினைத்துக்கொண்டார். ஐயாவோ முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தார். இரும்புப் பெட்டிக்குள் போனுக்கு சிக்னல் இல்லை, கத்தியது வாசல் கேட் வரை எட்டவில்லை. வாசல் கண்ணாடி வழியே லிஃப்டின் சிவப்பு விளக்கைப் பார்த்த வாட்ச்மேன், சொல்லிவைத்தபடி புகார்ப் பக்கத்தைத் திறந்தார். கேள்வி எதுவும் வரவில்லை, வெறும் கட்டம்தான் வந்தது. 'லிஃப்ட்ல லைட்டு சிவப்பா எரியுது' என்று எழுதி அனுப்பினார். விளக்குக் கோளாறு, அவசரமில்லை என்று அது வரிசையின் கடைசியில் போய் நின்றது.

மெக்கானிக் தன் முறைப்படி வந்து கதவைத் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பனியனோடு உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்குக் குரலே இல்லை.

மறுநாள் கேன்டீனில் ரஃபீக் சொன்னான்: "அக்கா, இது என் பழி. நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததாலதான் அந்த ஆளு மாட்டுனாரு. நீங்கதான் எச்சரிச்சுட்டீங்களே!"

"இல்ல ரஃபீக், இது என்னோடது" என்றாள் பூங்கோதை.

சொல்லுங்கள், இருவரில் பழி தீர்த்தது யார்?

விடை: பூங்கோதைதான். ரஃபீக்கின் மௌனம் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல். அவள் ஓடி ஓடி டெம்ப்ளேட் வைக்காமல் இருந்திருந்தால், அது ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் தலையில் விழுந்திருக்கும். அதற்குப் பெயர் பழி இல்லை, பாவம். அவளோ முகத்துக்கு நேரே ஒரு முறை சொன்னாள், மற்ற எல்லாரையும் காப்பாற்றினாள், அவர் ஒருவர் மட்டுமே ஏறுகிற லிஃப்டை அவர் பூட்டியபடியே விட்டாள். இரண்டாம் முறை சொல்லாமல் இருந்தாளே, அதுதான் பழி. அன்று மதியம் சென்னியப்பன் அவளைக் கூப்பிட்டு, தன் வீட்டு ப்ராஜெக்டைத் திறந்துவிட்டு, அந்தக் கேள்வியை அதிலும் வைக்கச் சொல்லிக் கரகரத்த குரலில் கேட்டார். "வெச்சிடலாங்க சார்" என்றாள் பூங்கோதை. "எங்கம்மா மாட்டுனப்ப எழுதுனது. உங்களுக்கும் நல்லாவே வேலை செய்யும்."