கோட்டையை விட்டுப் போகாத புறாக்கள்

முன்னொரு காலத்தில், கடிதங்கள் புறாவின் காலில் பறந்த நாட்களில், ஓர் அரசர் இருந்தார். கற்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று கோட்டையிலும் நாற்பது ஊர்களிலும் புறாக்கூடு கட்டினார். ஊர்ப் புறாக்கள் கோட்டையில் இருக்கும், கோட்டைப் புறாக்கள் ஊர்களில் இருக்கும். அவிழ்த்துவிட்டால் புறா தான் பிறந்த கூட்டுக்குத்தானே பறக்கும்! கூடுகளைப் பார்த்துக்கொண்ட விகடகவி வெண்காடனுக்கு இது தெரியும். புறாவின் பக்கமே போகாத அரசருக்கும் சபைக்கும் எங்கே தெரியும்?

தலைமைப் புலவர் சூடாமணியாருக்கோ வயிற்றெரிச்சல். "மன்னர் மன்னா, மலையூர் மருத்துவச்சியெல்லாம் நம் ஏட்டைக் கேட்கிறாள். கண்டவர் புறாவுக்கும் கம்பு போட்டு மாளவில்லை. கோட்டைப் புறாவும் கோட்டைப் புலவர்களும் போதுமே!"

அரசருக்கு அன்று தலையாட்டும் நாள். "வெண்காடா, பொழுது சாய்வதற்குள் வெளியூர்ப் புறாக்களை எல்லாம் விரட்டிவிடு" என்றார்.

மலையூர் மருத்துவச்சி பேராத்தாளின் ஓலை வெண்காடன் மடியில் இருந்தது. 'பதினோரு பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்கிறார்கள். அரண்மனை ஏட்டில் மருந்து உண்டா?' மலைப்பாதையில் ஆள் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும். அதுவரை அந்தப் பிஞ்சுகள் தாங்குமா?

"உத்தரவு, மகாராஜா" என்றான். நேராக ஏட்டுச்சாலைக்கு ஓடினான். மருந்தைத் தேடி எழுதி, மலையூர்ப் புறாவின் காலில் கட்டினான். பிறகு எல்லாவற்றையும் கைதட்டி விரட்டினான். சூடாமணியாரும் மேல்துண்டைச் சுழற்றி ஆசையோடு கூடவே நின்று விரட்டினார்.

மறுவாரம் அரசர் ஒரு புதிர் எழுதி, நாற்பது ஊருக்கும் அனுப்பச் சொன்னார். ஊர்களிலிருந்து திரும்பி வந்திருந்த கோட்டைப் புறாக்கள் எழும்பின, ஒரு வட்டம் அடித்தன, கோட்டையிலேயே இறங்கிவிட்டன. அதில் ஒன்று சூடாமணியாரின் தலைப்பாகையில் உட்கார்ந்தது.

"என்னடா இது?"

"கோட்டைப் புலவர்களே போதும் என்பது உத்தரவு, மகாராஜா. கேள்வி உரிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஐயா பதில் சொல்வார்."

சூடாமணியார் புதிரைப் படித்தார். கனைத்தார். மறுபடியும் படித்தார்.

அந்நேரம் பேராத்தாளிடம் மிச்சமிருந்த ஒரே கோட்டைப் புறா வந்து இறங்கியது. அரசரே ஓலையைப் பிரித்தார். 'பதினோரு பிள்ளைகளும் எழுந்து கஞ்சி குடித்தார்கள். மருந்தோடு எங்கள் மலைவேரையும் சேர்த்தேன், சீக்கிரம் கேட்டது. உங்கள் ஏட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.'

அரசர் நிமிர்ந்தார். "விரட்டச் சொன்ன புறாவிலா மருந்து அனுப்பினாய்?"

"விரட்டத்தான் சொன்னீர்கள், மகாராஜா. வெறுங்காலோடு விரட்டச் சொல்லவில்லையே!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். இனி எல்லா ஊரிலும் கூடு, யாரும் கேட்கலாம், கம்பு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து என்று அன்றே பறை அறைந்தார்கள். அந்தக் கம்பை அளந்து போடும் வேலை சூடாமணியாருக்குக் கிடைத்தது.