பிடிபட்டவனுக்குக் கல் இல்லை

ஈரத் தாளின்மேல் தூரிகை விழுகிற சத்தம் அது. தொப், தொப் என்று, மூடிய கதவை யாரோ அவசரமில்லாமல் தட்டுவது போல. எத்தனையோ வருஷம் கழித்தும் கோவிந்தம்மாளுக்கு அது காதில் கேட்கும். கேட்கும்போதெல்லாம் யாருக்கென்று இல்லாமல் கைகூப்பத் தோன்றும்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள் அவள். வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை பிரமிளாவோ அவளைவிட மிகவும் இளையவள். மாணவி ஆசிரியையை மேடம் என்பாள். ஆசிரியை மாணவியை அக்கா என்பாள். துறையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தென்பெண்ணைக் கரையில் நடந்த பழைய எல்லைப் பூசல்கள்தான் ஆய்வு. ஒரு காலத்தில் ஆறே எல்லை. அக்கரைக்காரர்கள் வந்து இக்கரை மாடுகளை ஓட்டிப் போவார்கள். இக்கரைக்காரர்கள் துரத்திப் போய் மீட்பார்கள். அதில் செத்தவர்களுக்கு நடுகல் வைப்பது வழக்கம். அந்தக் கற்களைத் தேடிப்பிடித்து, எழுத்தைத் தாளில் படியெடுப்பார்கள் இருவரும்.

அன்று ஒரு புளியந்தோப்பில் வேலை. கோவிந்தம்மாள் கல்லைக் கழுவித் தாளை ஒட்டினாள். பிரமிளா தூரிகையால் தட்டினாள். பைக்குள் போன் அடித்தது. கோவிந்தம்மாள் எடுக்கவில்லை. மறுபடி அடித்ததும் அணைத்துவிட்டாள்.

"சிறை விஷயமா அக்கா?" என்றாள் பிரமிளா, தட்டுவதை நிறுத்தாமல்.

"ஆமா மேடம். அந்த நன்னடத்தை அலுவலர்தான்."

பிரமிளாவுக்குத் தெரிந்த கதைதான். கோவிந்தம்மாளின் தம்பி சென்றாயன் சிறையில் இருக்கிறான். வரப்புத் தகராறில் அவன் ஓங்கிய மண்வெட்டி ஒரு பங்காளியின் உயிரைக் குடித்துவிட்டது. இப்போது முதல்முறையாகச் சில நாள் விடுப்புக் கேட்டிருக்கிறான். வந்தால் தங்குவதற்கு அக்கா வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. அவள் சரி என்றால் வருவான், இல்லையென்றால் இல்லை. அதைக் கேட்கத்தான் அலுவலர் அழைத்துக்கொண்டே இருக்கிறார். தெரு என்ன சொல்லும் என்று அவளுக்குப் பயம். அவன் கையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கத் தன்னால் முடியுமா என்பது அதைவிடப் பெரிய பயம்.

தாளில் எழுத்து எழும்பி வந்தது. மாடு மீட்கும்போது குத்துப்பட்டுச் செத்தவன் கல்.

"மேடம், மீட்கப் போய்ச் செத்தவனுக்கு இங்க கல். ஓட்ட வந்து செத்தவனுக்கு அவன் ஊர்ல கல். சாகாமப் பிடிபட்டவன் ஒருத்தன் இருந்திருப்பானே, அவன் என்ன ஆனான்? அவனுக்குக் கல்லே இல்லையே."

பிரமிளா தூரிகையைக் கீழே வைத்தாள்.

"பசிக்குது அக்கா. வாங்க."

தோப்பை ஒட்டி மாதம்மாள் வீடு. வயலில் பாடுபடுகிறவள். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பிரமிளா அங்கேதான் சாப்பிடுவாள். களியும் கொள்ளுக் குழம்பும் இருந்தன. கோவிந்தம்மாள் அரை உருண்டையோடு கையைக் கழுவப் பார்த்தாள். மாதம்மாள் விடவில்லை.

"இப்படித் தின்னா நீங்க கல்லத் தூக்க மாட்டீங்க வாத்தியாரம்மா. கல்லுதான் உங்களத் தூக்கும்."

பல நாளுக்குப் பிறகு கோவிந்தம்மாள் சிரித்தாள். இன்னொரு உருண்டையும் வாங்கிக்கொண்டாள்.

உங்கள் குலசாமி எங்கே இருக்கிறது, அக்காவுக்குச் சொல்லுங்கள் என்றாள் பிரமிளா.

அதை ஏன் கேட்கிறீர்கள் என்று மாதம்மாள் அலுத்துக்கொண்டாள். ஊரில் எல்லாருக்கும் சாமி கூப்பிடு தூரத்தில். அவர்கள் வீட்டுக்கு மட்டும் ஆற்றுக்கு அந்தாண்டை. மாசி பிறந்தால் சட்டி பானையோடு கிளம்ப வேண்டும். அவர்களுடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் அக்கரையிலிருந்து மாடு ஓட்ட வந்தவராம். கூட வந்தவர்கள் ஆற்றில் விழுந்து ஓடிவிட்டார்கள். இவர் மாட்டிக்கொண்டார். கட்டி வைத்துவிட்டு, கொல்வதா விடுவதா என்று ஊரே கூடிப் பேசியிருக்கிறது. பேச்சு முடிகிற வழியாக இல்லை. அதுவரை யாராவது சோறு போட வேண்டுமே. சோறு போட்ட வீட்டிலேயே கடைசியில் பெண்ணும் கொடுத்துவிட்டார்கள்.

"இப்பவும் யாராவது சொல்லிக் காட்டுவாங்களா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"சொல்லாம? குழாயடியில சண்டைன்னா, மாட்டுத்திருடன் வூட்டுக்காரின்னுதான் மொத வார்த்தையே வரும். கண்ணாலம்னா மொத வெத்தலயும் எங்களுக்குத்தான் வெப்பாங்க. குழம்பு ஊத்தட்டுமா?"

கோவிந்தம்மாள் தட்டைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்.

"அவர் கையால யாராவது செத்தாங்களா?"

மாதம்மாள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"நீங்க தாள் ஒட்டி வெச்சிருக்கீங்களே, அந்தக் கல்லுக்காரருதான் செத்தது. அந்தக் கல்லுக்கு இன்னிக்கும் எண்ணெ ஊத்தி வெளக்கேத்தறது எங்க வூடுதாம்மா. எங்க முப்பாட்டன் ஏத்தினாராம். நாங்களும் ஏத்தறோம்."

கோவிந்தம்மாள் எழுந்து மாதம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கையில் களி ஒட்டுகிறது என்றாள் மாதம்மாள்.

தோப்புக்குத் திரும்பினார்கள். தாள் காய்ந்துவிட்டது. அதைப் பிரித்தெடுத்துக்கொண்டே கோவிந்தம்மாள் கேட்டாள்.

"பிடிபட்டவனை ஊரு சேத்துக்கிச்சுன்னு நான் எழுதினா, ஆதாரம் எங்கன்னு கேப்பாங்களே மேடம்?"

"அவன் வீட்டுல வயிறு நிறையச் சாப்பிட்டேன்னு எழுதுங்க அக்கா" என்றாள் பிரமிளா.

கார்த்திகையில் சென்றாயன் விடுப்பில் வந்தான். அக்கா வீட்டில் தங்கினான்.