யார் கண் பட்டது?

ரொம்ப ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துவிடாதீர்கள். மிளகாய் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்து, எல்லார் வீட்டு அடுப்படியிலும் சொந்தம் கொண்டாட ஆரம்பித்த பிறகு நடந்த கதைதான் இது. மிளகாயை ஏன் இழுக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆவுடையப்பர் என்றொரு நெல் வணிகர் இருந்தார். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் கேட்காது, அவ்வளவு நீளமான வீடு. அந்த நீளத்துக்கும் அவர் ஒருவர்தான். மனைவி காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் வடிவை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்.

வடிவு முதலில் மாதம் தவறாமல் வந்தாள். பிறகு கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வந்தாள். பிறகு அதுவும் நின்றது.

ஏன் நின்றது என்று ஆவுடையப்பருக்குப் புரியவே இல்லை. அவள் வந்தால் அவர் ஒரு குறையும் வைக்கமாட்டார். இலை போட்டு உட்காரவைத்து, எதிரே தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவள் எடுக்கும் கவளத்தைப் பார்ப்பார். மெல்லும் வாயைப் பார்ப்பார். விழுங்கும் தொண்டையைப் பார்ப்பார். "இன்னும் ஒரு வாய் மக்கா. ஏன் மக்கா அத ஒதுக்குத? உனக்குப் பிடிக்குமே மக்கா."

"அப்பா, நீங்க இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்கு" என்று ஒருமுறை அவள் சொல்லியும் பார்த்தாள். அவர் பதறிப்போய்த் தொண்டைக்கு வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனிதர் அப்படி.

அவருடைய நெல் கிடங்கில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. விஷமில்லாத பாம்பு. மூட்டைகளுக்கு இடையில் எலி பிடித்துத் தின்று, கொழுகொழுவென்று, யாருக்கும் தொந்தரவில்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. மகள் வருவது நின்ற பிறகு ஆவுடையப்பர் கிடங்குக்குள் போய் அதோடு பேச ஆரம்பித்தார். அது தலையைத் தூக்கி அவரைப் பார்க்கும். அந்த வீட்டில் அவர் குரலுக்குத் தலை தூக்க வேறு யார் இருந்தார்கள்? ஒருநாள் மனம் பொறுக்காமல் அதைக் கூடையில் அள்ளி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். உள்ளறையில் மணல் பரப்பி, தண்ணீர்ச் சட்டி வைத்து, மகளைக் கூப்பிடுகிற மாதிரி அதற்கும் மக்கா என்றே பெயர் வைத்தார்.

பொறியில் விழுந்த எலியைக் கொண்டுவந்து அறைக்குள் விட்டார். எதிரே பலகை போட்டு உட்கார்ந்தார். "தின்னு மக்கா" என்றார்.

பாம்பு தின்னவில்லை.

காலையில் உட்கார்ந்து பார்த்தார், தின்னவில்லை. உச்சிப்பொழுதில் உட்கார்ந்து பார்த்தார், தின்னவில்லை. அந்தியில் விளக்கை ஏற்றிவைத்துப் பார்த்தார், அப்போதும் தின்னவில்லை. எலி பாம்பின் முதுகில் ஏறி விளையாடிவிட்டுச் சுவர் இடுக்கு வழியே ஓடிப்போனது. பால் வைத்தார், பால் திரிந்தது. முட்டை வைத்தார், முட்டை அழுகியது. பாம்பு ஒரு மூலையில் சுருண்டு, அவர் பக்கமே தலையை வைத்துக்கொண்டு கிடந்தது. கொழுகொழு உடம்பு நாளாக நாளாகக் கயிறு போல ஆயிற்று.

இது செத்துப்போனால் இந்த வீட்டில் நான் யாரைக் கூப்பிடுவேன் என்று ஆவுடையப்பர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

கண் பட்டிருக்கும் என்று தோன்றியது அவருக்கு. சமையல்காரர் குற்றாலத்திடம் சொல்லிச் சுற்றிப் போடச் சொன்னார். குற்றாலம் கையில் உப்பும் மிளகாயும் எடுத்துப் பாம்பு கிடந்த அறையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கருகினால் நெடி வரவேண்டுமா இல்லையா? வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிச்சயம் என்பது ஊர் அறிந்த கணக்கு. அடுப்படியில் ஜன்னலும் கொல்லைக் கதவும் திறந்துகிடந்ததையும், ஆற்றுக்காற்று நெடியை அள்ளிக்கொண்டு போனதையும் ஆவுடையப்பர் கவனிக்கவில்லை.

பட்டது சரி. யார் கண்?

எதிர்வீட்டு எண்ணெய்க்காரி பேச்சியம்மா காலையில் எண்ணெய் ஊற்ற வந்தவள், "கூரைக்குள்ள சோறும் தண்ணியும்! உங்க பாம்புக்கு வந்த வாழ்வப் பாருங்க அண்ணாச்சி" என்று வாசலில் நின்று சிரித்திருந்தாள். இவள் கண்தான். "இனிமே எண்ணெ வேண்டாம். இந்தப் படி ஏறாத" என்று வாசற்கதவைச் சாத்தினார்.

அப்புறமும் பாம்பு தின்னவில்லை. பக்கத்துவீட்டு மூக்கன் சாயங்காலமானால் ஜன்னல் வழியே வெற்றிலை நீட்டி, நாலு ஊர்க்கதை பேசுவது வழக்கம். அவன் போன வாரம், "எத்தன முழம் இருக்கும் அண்ணாச்சி?" என்று பாம்பைப் பற்றிக் கேட்டிருந்தான். நீளத்தை எதற்குக் கேட்கிறான்? இவன் கண்தான். ஜன்னலைச் சாத்தினார்.

அப்புறமும் தின்னவில்லை. மிச்சம் இருந்தது குற்றாலம். வடிவு தவழ்ந்த காலத்திலிருந்து அந்த அடுப்படியில் இருப்பவர்.

"நீயும் கொஞ்ச நாளைக்கு உங்க ஊருக்குப் போயிட்டு வா" என்றார் ஆவுடையப்பர்.

குற்றாலத்துக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, என் கண்ணு உங்க பாம்பு மேல இல்ல. உங்க மேலதான் இருக்கு. முந்தாநேத்துல இருந்து நீங்க ஒரு வாய் சாப்பிடல. அந்த அறைக்குள்ளேயே கெடக்கிய."

"போன்னா போ."

குற்றாலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வழியே போனார். அவர் பின்னால் அந்தக் கதவையும் ஆவுடையப்பர் சாத்தினார்.

பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. பேச்சியம்மாவின் எண்ணெய்ச் செக்குச் சத்தம் கதவுக்கு வெளியே நின்றது. மூக்கன் குரல் ஜன்னலுக்கு வெளியே நின்றது. ஆவுடையப்பர் தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு பாம்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சில நேரம் அழுதார். அழும்போதும் கண்ணை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

ஒருநாள் காலை, பொறியில் விழுந்த எலியை அறைக்குள் விட்டுவிட்டு, கடைசியாகத் தானே சுற்றிப் போட்டுவிடுவது என்று எழுந்தார். குற்றாலம் போட்டது போதவில்லை என்ற எண்ணம் அவருக்கு. இரண்டு கையும் நிறைய மிளகாயை அள்ளினார். மூன்று தரம் சுற்றினார். அடுப்பில் கொட்டினார். நெடி வருகிறதா என்று குனிந்து பார்த்தார்.

வராமல் என்ன செய்யும்? வாசல் சாத்தியிருக்கிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறது, கொல்லை சாத்தியிருக்கிறது. அத்தனை புகையும் ஒன்றாகக் கிளம்பி நேரே அவர் முகத்தில் அடித்தது. "ஐயோ!" என்று ஒரு அலறல். கண்ணைப் பிடித்துக்கொண்டு, சுவரில் மோதி, தூணில் மோதி, எப்படியோ வாசற்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு விழுந்தார்.

படி ஏறக்கூடாது என்று சொல்லப்பட்ட பேச்சியம்மாதான் முதலில் படி ஏறினாள். முகத்தில் தண்ணீரை விட்டு விட்டுக் கழுவினாள். கண்ணிரண்டும் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. துணியில் விளக்கெண்ணெய் நனைத்துக் கட்டி, அவரைக் கூடத்தில் படுக்கவைத்தாள்.

"கட்ட அவுக்கப்படாது. சும்மா கெடக்கணும், சொல்லிட்டேன்."

"பேச்சி" என்றார் அவர், கண்கட்டோடு. "உண்மையச் சொல்லு. என் பாம்பப் பாத்து நீ பொறாமப்பட்டதில்லையா?"

"நான் அதப் பாத்தாத்தானே அண்ணாச்சி! பாம்பு இருக்குற பக்கமே நான் திரும்ப மாட்டேன். பயம்" என்று சொல்லிவிட்டு அவள் செக்கைப் பார்க்கப் போனாள்.

ஆவுடையப்பர் கூடத்தில் தனியாகக் கிடந்தார். கட்டுக்குள் கண் எரிந்தது. எழுந்து போய் மக்காவின் எதிரில் உட்காரவேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. போய் என்ன பார்ப்பது? இருட்டைத்தான் பார்க்கவேண்டும்.

அப்போது உள்ளறையில் மணல் சரசரத்தது. ஒரு பாய்ச்சல். ஒரே ஒரு கீச்சுச் சத்தம். பிறகு அமைதி.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மறுபடி மணல் சரசரத்தது, இந்த முறை மெதுவாக, வயிறு நிறைந்த பாம்பு நகர்கிற மாதிரி.

தின்றுவிட்டது!

கண்ணேறு கழிந்தது என்று முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு படுத்தபடியே யோசித்தார். பேச்சி அதைப் பார்த்ததே இல்லை. மூக்கனின் ஜன்னல் சாத்தி எத்தனையோ நாளாயிற்று. குற்றாலம் ஊரிலேயே இல்லை. அப்படியானால் இன்று காலை வரைக்கும் அந்தப் பாம்பின் மேல் பட்டுக்கொண்டிருந்தது யார் கண்?

அவர் கை தன்னால் எழுந்து கண்கட்டைத் தொட்டது.

கண் தெளிந்த பிறகு ஒருமுறை சோதித்தும் பார்த்தார். எலியை விட்டு எதிரில் உட்கார்ந்தார், பாம்பு அசையவில்லை. அறைக்கு வெளியே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கீச்சென்று சத்தம் கேட்டது. அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. "நீங்க இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்கு" என்று வடிவின் குரல்தான் கேட்டது. அந்தத் தொண்டைக்குக் கஷாயம் கொடுத்ததை நினைத்து அவர் வெட்கத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே பாம்பைக் கிடங்கில் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். அது ஒன்றும் சுலபமாக இல்லை. வருகிற வழியில் பேச்சியம்மாவிடம் ஒரு படி எண்ணெய் வாங்கினார். மூக்கன் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தார். குற்றாலத்தின் ஊருக்கே நடந்துபோய் அவரை அழைத்துவந்தார். வந்த கையோடு குற்றாலத்தை அக்கரைக்கு அனுப்பி, கொடைக்கு வரச்சொல்லி வடிவிடம் சொல்லச் சொன்னார்.

வடிவு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். இளைத்திருக்கிறாயே என்று நாக்கு நுனி வரை வந்ததை ஆவுடையப்பர் விழுங்கினார்.

குற்றாலம் இலை போட்டார். வடிவு உட்கார்ந்து, எதிரே வந்து உட்காரப்போகும் அப்பாவுக்காகத் தலை குனிந்து காத்திருந்தாள். அவர் வரவில்லை. கூடத்துக்கு வெளியே முற்றத்தின் ஓரத்தில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் சோறு விழும் சத்தம் கேட்டது. கழுத்து திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினார். பருப்பு ஊற்றும் சத்தம் கேட்டது. கழுத்து மறுபடி திரும்பப் பார்த்தது. முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டார். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எழுந்துவிட்டாளோ? இலையை மூடிவிட்டாளோ? அந்த அமைதியில் அவருக்கு வீடு முழுக்க மறுபடி காலியான மாதிரி இருந்தது. ஆனாலும் திரும்பவில்லை.

"அப்பா" என்று குரல் வந்தது. "ரசம் இன்னுங் கொஞ்சம் இருக்கா?"

அவள் பிறந்த வீட்டில் இன்னும் வேண்டும் என்று அவளாக வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"குற்றாலம், ரசம் கேக்கா" என்றார் ஆவுடையப்பர், அப்போதும் திரும்பாமல்.

"ஏன் ஐயா, கண்ணத் தொடைக்கிய?"

"மிளகாப் புகை" என்றார். அடுப்பில் அன்று மிளகாய் எதுவும் கருகவில்லை. குற்றாலம் ரசத்தை எடுத்துக்கொண்டு இலைப் பக்கம் போனார்.

கதை கேட்டவர்களே, இவ்வளவுதான் விஷயம்: பிரியத்தோடு பார்த்தாலும் ஓயாமல் பார்க்கிற கண் கண்ணேறுதான், ஆகையால் நாம் நேசிக்கிறவர்களைக் கொஞ்சம் நம் கண் படாமலும் வாழ விடவேண்டும்.