அரசன் கண்ட கனவும் எயினியின் தம்பியும்

கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். முன்னொரு காலத்தில் மலைகள் சூழ்ந்த ஒரு நாட்டை மருதவேள் என்றோர் அரசன் ஆண்டான். பகைவருக்கு அஞ்சாதவன். தன் கனவுக்கு மட்டும் அஞ்சினான்.

ஒருநாள் தன் பற்கள் உதிர்வதாகக் கனாக் கண்டான். கனாநூல் கற்ற கணியன் சொன்னான்: "கெட்ட கனவுதான், அரசே. ஆனால் அதை வேறொருவன்மேல் ஏற்றிவிடலாம்." தெருவில் போன ஒரு கிழவரைப் பிடித்துப் பல்லை உடைத்தார்கள்.

பிறகு அரண்மனை தீப்பற்றுவதாகக் கண்டான். காவலர் போய்க் குயவர் தெருவைக் கொளுத்தினார்கள். அரசன் நன்றாகத் தூங்கினான்.

மூன்றாவது கனவுதான் கொடியது. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கழுதைமேல் ஏறித் தெற்கே போவதாகக் கண்டான். தெற்கு எமனுடைய திசை அல்லவா? "இதற்கு ஓர் உயிர் வேண்டும்," என்றான் கணியன்.

உப்பு விற்க வந்த கொற்றனைப் பிடித்தார்கள். கழுதையும் அவனிடமே இருந்தது.

அடுத்த தெருவில் உப்பு விற்றுக்கொண்டிருந்த அவன் அக்காள் எயினிக்குச் செய்தி எட்டியது. அவளுக்கு அழுகை வரவில்லை. உப்பு மூட்டையைத் தெருவிலேயே போட்டுவிட்டு அரண்மனைக்கு நடந்தாள். காவலர் ஈட்டியை நீட்டினார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் இறக்கினார்கள்.

அவை நடுவே கொற்றனைக் கட்டிப்போட்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அரசே, கனவு கண்டது யார்?"

"நான்."

"கழுதைமேல் போனது யார்?"

"நான்தான்."

"சாகப் போவது யார்?"

கணியன் குறுக்கிட்டான். "உனக்கு நூல் தெரியாது, பெண்ணே. எமன் இவனையே அரசன் என்று எண்ணிக் கொண்டுபோவான்."

"கந்தல் கட்டியவனை அரசன் என்று நம்ப எமன் என்ன குருடனா?" எயினி அரசன் பக்கம் திரும்பினாள். "மகுடம் உன் தலையில் இருக்கும்வரை அவன் உன்னிடம்தான் வருவான்!"

அரசன் கணியனைப் பார்த்தான். கணியன் தரையைப் பார்த்தான். எமன் அவனிடமே போகட்டும் என்று மகுடத்தைக் கழற்றிய அரசன், அதைத் தானே கொற்றன் தலையில் வைத்தான்.

"இப்போது இந்த நாட்டுக்கு அரசன் யார்? சொல்லும் கணியரே!" என்றாள் எயினி.

"இவன்தான்," என்றான் கணியன். அவன் நூலின்படி வேறெதுவும் சொல்ல முடியாது.

"வாயைத் திறடா தம்பி! ஆணையிடு!"

"என் கட்டுகளை அவிழுங்கள்," என்றான் கொற்றன்.

காவலர் ஓடிவந்து அவிழ்த்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான், இவர்கள் தன்னை எவ்வளவு வெறுத்திருக்கிறார்கள் என்று மருதவேளுக்குப் புரிந்தது.

எயினி தம்பி தலையிலிருந்த மகுடத்தை எடுத்து மருதவேளின் காலடியில் எறிந்தாள். "எங்களுக்கு வேண்டாம் இது. நீயே போட்டுக்கொள். உன் கனவையும் நீயே வைத்துக்கொள்."

மருதவேள் அதன்பின்னும் நெடுங்காலம் உயிரோடுதான் இருந்தான். ஆனால் அன்று அவன் குனிந்து மகுடத்தை எடுத்து அணிந்தபோது, அவையில் ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை.

தன் அச்சத்தைப் பிறர் தலையில் ஏற்றுகிறவன் ஆளத் தகுதியற்றவன்.