மூச்சுறிஞ்சியும் வால்பிடி வரிசையும்

அத்தனை சாவுக்கும் காரணம் ஒருத்தர்தான். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கேட்கும்போது யாருக்குச் சுருக்கென்று தைக்கிறதோ, அவர்தான். மற்றவர்கள் நிம்மதியாகக் கதையைக் கேளுங்கள்.

மலைக்காட்டின் கோடியில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. கோடையில் மேலே காடு முழுக்கக் காய்ந்து கருகினாலும், அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு சுனை மட்டும் வற்றாது. தொல்லை அதற்குப் போகும் வழியில்தான். அங்கே மூச்சுறிஞ்சி என்று ஒரு பிராணி குடியிருந்ததாம். கோடைக்கு ஓர் உயிரை எடுத்துக்கொள்ளுமாம்.

சும்மா சொல்லவில்லை, அத்தாட்சி இருந்தது. மழை பெய்தால் ஓடையில் எலும்புகள் உருண்டு வரும். வெள்ளை வெளேரென்று, பொட்டுச் சதைகூட இல்லாமல். ஒன்றில்கூடப் பல் பட்ட தடம் இருக்காது. புலி தின்றால் தடம் இருக்கும். நரி தின்றால் எலும்பே இருக்காது. அப்படியானால் மூச்சுறிஞ்சிதான். வேறென்ன வேண்டும்?

அதைக் கண்ணால் பார்த்தவர் பிழைத்ததில்லை. ஆனாலும் அது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று கண் என்றது மந்தி. கண்ணே கிடையாது, உடம்பெல்லாம் காது என்றது முயல். அது மூச்சு விட்டால் பாறை உருகும் என்றார் காட்டுப்பன்றித் தலைவர் பெரியமூஞ்சியார்.

பள்ளத்தின் வாசலில் ஒரு பட்ட மரம். அதன் உச்சியில் எப்போதும் ஒரு பெரியவர் அமர்ந்திருப்பார். மரியாதைக்காக யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. உச்சிக்கிளையார் என்பார்கள். பிழைக்கும் வழியை எந்தக் காலத்திலோ சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

“கண்ணைத் திறந்தால் மூச்சுறிஞ்சி பிடித்துவிடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன்னால் போகிறவர் வாலைக் கவ்விக்கொண்டு, நேராக இறங்குங்கள். முதல் ஆளை எடுத்ததும் அது தூங்கிவிடும். மற்றவர்கள் இடப்பக்கம் ஓடித் தண்ணீர் குடியுங்கள். திரும்பி மட்டும் பார்க்காதீர்கள்.”

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.

வரிசைக்கு முறையும் உண்டு. போன கோடையில் இரண்டாவதாக நின்றவர் இந்தக் கோடையில் முதல் ஆள். பெரியமூஞ்சியார் மட்டும் எப்போதும் கடைசி. தலைவர் என்றால் பின்னால் நின்று எல்லோரையும் கவனித்துக்கொள்ள வேண்டாமா?

இந்த வரிசையில் இடமே இல்லாத ஒருத்தி இருந்தாள். சிலுப்பி என்ற முள்ளம்பன்றி. அவள் வாலை யார் கவ்வுவது? கிழங்கில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சியே கோடையைத் தள்ளினாள். பெற்றவர்கள் அவளுக்கு விட்டுப்போனது முள் மட்டும்தான். பாக்கி எல்லாம் பேரம் பேசிச் சேர்த்தது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

அவளுடைய பேரங்களில் உருப்படியானது செவத்தி என்ற பெண் மிளா மானோடு போட்டது. செவத்தி உயரக் கிளையை முட்டி நெல்லிக்காய் உதிர்ப்பாள். சிலுப்பி கிழங்கு தோண்டிக் கொடுப்பாள். தினமும் சண்டை, தினமும் சமாதானம்.

அந்தக் கோடையில் ஒருநாள் கிழங்கை முகர்ந்துகூடப் பார்க்காமல் நின்றாள் செவத்தி. பால்குடி மறக்காத கன்று அவள் காலடியில் கிடந்தது.

“என்ன, கிழங்கு சின்னதா இருக்கா?” என்றாள் சிலுப்பி.

“இந்தத் தடவை நான்தான் முதல் ஆள், அக்கா.”

போன கோடையில் முதலில் போனது செவத்தியின் இணையான ஆண் மிளா.

“அவர் வால் என் வாயிலதான் இருந்துச்சு. ஒரு இழுப்பு. அப்புறம் வாயில முடி மட்டும்தான்” என்றாள் செவத்தி. “கன்னுக்குட்டியை நீ பார்த்துக்குவியா?”

“நானா? பால் என்ன என் முள்ளுலயா வரும்?” என்று சீறிவிட்டு, சிலுப்பி நேரே பெரியமூஞ்சியாரிடம் போனாள்.

அவர் சேற்றில் புரளச் சேறு இல்லாமல் புழுதியில் புரண்டுகொண்டிருந்தார்.

“மாமா, பச்சைப் புள்ளைக்காரியை முதல்ல நிறுத்துறீரே, இது என்ன நியாயம்? நீரு ஒரு தடவை முன்னால போகக் கூடாதா?”

“எனக்கு ஆசைதான் தாயி. முறைன்னு ஒண்ணு இருக்கே.”

“சரி, நான் போறேன். அவளுக்கு முன்னால, தனியா.”

“உன் வாலை அவ எப்படிக் கவ்வுவா?”

“கவ்வ வேண்டாம். என் முள்ளுச் சத்தம் கேட்டு வரட்டும். பிராணிக்கு ஓர் உயிர்தானே கணக்கு? என்னை எடுத்தா அவ தப்பிச்சா. எடுக்கலைன்னா சுனையில எனக்கும் பங்கு.”

பெரியமூஞ்சியார் யோசித்தார். “கடைசிப் பங்கு.”

“முதல் பங்கு.”

“நடுவுல வச்சுக்க.”

“செத்தாலும் பிழைச்சாலும் முன்னால போறது நான், குடிக்கிறது நடுவுலயா? முதல் பங்கு. இல்லைன்னா நீரே முன்னால போம்.”

பேரம் உடனே படிந்தது.

விடிந்ததும் வரிசை கிளம்பியது. முன்னால் சிலுப்பி, சலசலவென்று. பின்னால் செவத்தி, அவள் வாலைக் கவ்விய மந்தி, அப்படியே கடைசியில் பெரியமூஞ்சியார். எல்லோரும் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள். மரத்து உச்சியில் உச்சிக்கிளையார் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலுப்பி மட்டும் கண்ணை மூடவில்லை. பார்க்காத சரக்குக்கு அவள் என்றைக்கும் விலை பேசியதில்லை.

வழி அழகாகத்தான் இருந்தது. கொடி, பாறை, தூரத்தில் சுனையின் பளபளப்பு. மூன்று கண்ணும் இல்லை, உடம்பெல்லாம் காதும் இல்லை. அவள் காலில் பட்ட ஒரு கல் உருண்டு, எதிரே பச்சைக் கொடிப் படுதாவுக்குள் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்து, எங்கோ அடியில், டொக்.

கொடியை விலக்கிப் பார்த்தாள். பாறை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அடியில் எலும்புக் குவியல். மேலாக ஒரு மிளாக் கொம்பு.

“நில்லுங்க! குழி!” என்று கத்தினாள்.

வரிசை நடுங்கியது. கண்கள் இன்னும் இறுகின. “அய்யோ, கண்ணைத் திறந்துட்டா. மூச்சுறிஞ்சி அவ வாயால பேசுது” என்று முனகியது மந்தி.

“நிக்காதீங்க, நேரா போங்க” என்று பின்னாலிருந்து எல்லோரையும் சேர்த்து உந்தினார் பெரியமூஞ்சியார். உயிரைக் கொடுத்தாவது முறையைக் காப்பாற்றுவார், அடுத்தவர் உயிரைத்தான்.

செவத்தி தள்ளாடி வந்தாள். பிளவுக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது சிலுப்பி மட்டும். பேச நேரமில்லை. சிலுப்பி பிளவுக்கு முகத்தைக் காட்டித் திரும்பி நின்று, முள் அத்தனையையும் சிலிர்த்து, பின்பக்கமாகவே போய்ச் செவத்தியின் மூக்கில் மோதினாள்.

செவத்தி அலறிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். காலுக்கு முன்னால் பிளவு. உள்ளே அந்தக் கொம்பு. அதை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நான்கு காலையும் ஊன்றி, அசையாமல் நின்றுவிட்டாள். வரிசை ஒன்றன்மேல் ஒன்றாக முட்டிச் சரிந்தது. வலியில் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. கடைசிக் கண் யாருடையது என்று சொல்லவா வேண்டும்?

பெரியமூஞ்சியார் பிளவை எட்டிப் பார்த்துவிட்டு, “மூச்சுறிஞ்சி வெளியில எங்கயோ போயிருக்கு போல” என்றார்.

சிலுப்பி பிளவுக்குள் தலையை நீட்டினாள். எலும்புகளுக்கு நடுவே கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீள நீளமான கறுப்பு இறகுகள். பாறை ஓரமெல்லாம் வெள்ளை எச்சம். இந்த ஆழத்துக்குள் இறங்கித் தின்றுவிட்டு ஏறி வர யாரால் முடியும்? பல் தடமே படாமல் சதையைக் கொத்தி எடுக்கும் வாய் யாருக்கு இருக்கிறது?

அவள் பட்ட மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

உச்சிக்கிளையார் தொண்டையைச் செருமினார். “நேராகப் போங்கள் என்றுதான் சொன்னேன். விழச் சொன்னேனா?”

“சொல்லலை. மேலேயிருந்து பார்த்துக்கிட்டே, குழி இருக்குன்னும் சொல்லலை” என்றாள் சிலுப்பி. “இறங்கி வாரும். இந்தக் குழி ஓரத்துல உட்காரும். எவன் வந்தாலும் ‘கண்ணைத் திற, குழி இருக்கு’ன்னு கத்தும். இத்தனை வருஷம் தின்ன வாய்தானே, கொஞ்சம் கத்தட்டும்.”

“யோசித்துச் சொல்கிறேன்” என்றார் அவர்.

சிலுப்பி சுனைக்குப் போய்த் தன் முதல் பங்கைக் குடித்தாள். பிறகு செவத்தியின் மூக்கில் ஏறிய முள்ளைப் பிடுங்கிவிட்டாள். பதிலுக்கு ஒரு குவியல் நெல்லிக்காய் கேட்டாள். செவத்தி போய்க் கூட்டிவந்த கன்று தண்ணீரில் முழங்கால்வரை நின்றுகொண்டிருந்தது.

பெரியவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாராம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும் பயத்தைக் கண்ணைத் திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது என்பது கேட்பவர்களுக்கான நீதி; உச்சிக்கிளையில் இருப்பவரே, உமக்கு இருப்பது நீதி அல்ல, வேலை: யோசித்தது போதும், இறங்கி வந்து அந்தக் குழி ஓரத்தில் உட்காரும்.