கொம்பையா தலைமுழுகிய கதை

கல்மடுவுக்குக் கொம்பையா என்ற காட்டுப்பன்றி தலைவராக இருந்தது. கல்மடு இருந்த ஓடையிலேயே இன்னும் நான்கு மடுக்கள் உண்டு. மேலே இருப்பது நிறைந்து வழிந்தால்தான் கீழே இருப்பதற்குத் தண்ணீர். ஒரே தண்ணீரைப் பங்கு போட்டுக் குடித்ததால் ஐந்தும் ஒன்றையொன்று பங்காளி மடு என்று சொல்லிக்கொண்டன.

பங்காளி என்றால் சண்டை இல்லாமலா? சண்டைக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு மடுவில் சாவு விழுந்தால் மற்ற நான்கு மடுக்காரர்களும் அன்றைக்கு விருந்து உண்ண மாட்டார்கள். தண்ணீரில் இறங்கித் தலைமுழுகிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள்.

ஐந்து மடுக்களிலும் பள்ளிக்கூடம் நடந்தது. காட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் இளசுகள் அங்கே நீர்க்குறி படிக்க வரும். கோடையில் தரைக்கு அடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதைச் செடியையும் மண்ணையும் பார்த்தே கண்டுபிடிப்பதற்குத்தான் நீர்க்குறி என்று பெயர். பாடம் மாலையில் மட்டும் நடக்கும்.

பகலில் மடுக்களுக்கு இடையே ஓட்டப்பந்தயம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பழம் கொண்டுவர வேண்டும். குவிகிற பழத்தைத் தலைவரும் ஓட்டம் பழக்குகிறவர்களும் தின்பார்கள். கொம்பையாவுக்குத் தொந்தி தரையைத் தொட்டது. ஓடுகிற பிள்ளைகள் கேட்டால், உங்களுக்குப் படிப்பு இலவசம்தானே என்று பதில் வரும். படிப்பு எல்லாருக்குமே இலவசம்தான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

காட்டின் வழக்குகளையெல்லாம் தீர்த்துவைக்கும் ஆனையம்மையிடம் கடைசியில் விஷயம் போனது. ஓடுகிறவர்களுக்கும் பழத்தில் பங்கு உண்டு, பேசியதை மரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆனையம்மை தீர்ப்புச் சொன்னது. நியாயமான தீர்ப்பு. என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த ஆண்டுதான் சுழியன் படிக்க வந்தது. சுழியன் ஒரு வெளிமான். நெற்றியில் சுழி இருந்ததால் அந்தப் பெயர். தெற்கே செம்மண் பொட்டலில் அதன் மந்தை இருந்தது. போன கோடையில் அங்கே இரண்டு குட்டிகள் தாகத்தில் செத்துப்போயின. அடுத்த கோடைக்குள் நீர்க்குறி படித்துவிட்டு வந்துவிடு என்று சொல்லித்தான் மந்தை அதை அனுப்பிவைத்தது.

முதல் நாளே கொம்பையா அதன் கால்களைப் பார்த்துவிட்டது. உடனே கீரியை அனுப்பியது. ஓடுகிறவர்களைப் பேசி முடித்துக் கொடுத்து, ஒவ்வொரு பேச்சிலும் தனக்குத் தரகு எடுத்துக்கொள்வதுதான் கீரியின் பிழைப்பு. நாளுக்கு ஒரு கூடை நெல்லிக்காய், அதைப் பொட்டலுக்கே அனுப்பிவிடுகிறோம் என்று கீரி ஆசை காட்டியது.

சுழியன் ஒன்றும் ஏமாளி இல்லை. மந்தைக்குத் தாகம் மட்டுமா, பசியும்தானே. நெல்லிக்காய் போனால் நல்லதுதான் என்று நினைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது.

"பங்காளி மடுக்களோட மட்டும்தான் ஓடுவேன். விடிய போனா பொழுது சாயுறதுக்குள்ள பாடத்துக்கு வந்துரலாம். பாடம் தவறக் கூடாது. நான் வந்ததே அதுக்குத்தான்."

கீரி மறுபேச்சுப் பேசவில்லை. 'பங்காளி மடுக்களோடு மட்டும்' என்று மரங்கொத்தியை விட்டு அப்படியே கொத்தவைத்தது. சுழியன் அடியில் குளம்பைப் பதித்தது.

ஓட்டக்காரர்களுக்குக் கொடுக்கப் பழம் வேண்டுமே! நீச்சலுக்குச் செலவாகும் பழத்தை மிச்சம் பிடிக்கக் கொம்பையா ஆமைகளின் நீச்சல் பந்தயத்தை நிறுத்திவிட்டது. நீச்சலை யார் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டது. சுழியனோடு ஒரே வகுப்பில் இருந்த சொரிமுத்து என்ற ஆமை, நீந்த இடம் இல்லாத பள்ளியில் நமக்கென்ன வேலை என்று பக்கத்து நாணல்மடுவுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டது. அங்கேயும் அதே பாடம்தான்.

சில மாதம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சுழியன் காலையில் போகும், ஜெயிக்கும், மாலையில் வந்து பாடத்தில் உட்காரும். எறும்பு முட்டை சுமந்து எந்தப் பக்கம் போகிறது, தவளை எங்கே மண்ணுக்குள் ஒடுங்குகிறது என்றெல்லாம் கற்றுக்கொண்டது. கல்மடுவும் நாணல்மடுவும் மோதும் நாளில் கரையில் நிற்க இடம் கிடைக்காது. தோற்ற மடுக்காரர்கள் ஒரு வாரத்துக்கு வெளியே தலைகாட்ட மாட்டார்கள்.

அப்போது உச்சிச் சுனைகளிலிருந்து காக்கை வந்தது. இரண்டு மலை தாண்டி இருந்தன அந்தச் சுனைகள். அங்கே கூட்டம் அதிகம், பழமும் அதிகம். எங்கள் பந்தயத்தில் வந்து சேர்ந்துகொள், ஒரு வருஷம் பங்காளிகளிடம் கிடைக்கிற பழம் இங்கே ஒரு பந்தயத்தில் கிடைக்கும் என்று காக்கை கொம்பையாவிடம் சொன்னது.

கொம்பையா இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. பக்கத்து மடுக்காரர்கள் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். உங்களோடு ஓடி என்ன கண்டோம் என்று கேட்டு அனுப்பிவிட்டது. பிறகு எல்லாரையும் கூட்டி, இனிமேல் உச்சிச் சுனைகள்தான் நமக்குப் பங்காளி என்று அறிவித்தது.

சுழியன் ஓடிப்போய்க் கீரியிடம் கேட்டது.

"அண்ணாச்சி, பங்காளியோட மட்டும்தான் ஓடுவேன்னு சொல்லியிருக்கேனே. உச்சிக்குப் போக ஒரு வாரம், வர ஒரு வாரம். என் படிப்பு என்ன ஆகுறது?"

"பங்காளின்னுதானப்பா எழுதியிருக்கு? அது இன்னாருன்னு எங்கயாவது எழுதியிருக்கா? பங்காளி யாருன்னு மடு சொல்லும், நீ ஓடு" என்றது கீரி.

பங்காளி யார் என்பதைக்கூட எழுதிவைக்க வேண்டும் என்று சுழியனுக்குத் தோன்றவே இல்லை. தன் தாய் யார் என்பதை யாராவது எழுதிவைப்பார்களா? அந்த ஓர் இடத்தில்தான் அது சறுக்கியது.

விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தது. அப்படியானால் இதுவரை வாங்கிய நெல்லிக்காயையெல்லாம் திருப்பிக் கொடு என்றது கீரி. பொட்டலில் மந்தை அதைத் தின்று எத்தனையோ நாள் ஆகிவிட்டது. எனவே சுழியன் மலை ஏறியது, ஓடியது, ஜெயித்தது, மலை இறங்கியது. வந்து பார்த்தால் பாடம் எங்கேயோ போயிருக்கும். அது புரிவதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும். கூட வந்த ஓட்டக்காரர்கள் வழியெல்லாம் தூங்கி விழுந்தார்கள். கல்மடுவிலிருந்து வேடிக்கை பார்க்க ஒருவரும் வரவில்லை. அவ்வளவு தூரம் யார் நடப்பது?

தை மாதத்தில் உச்சிச் சுனைகளின் தலைவரான வரையாட்டுக்கு அண்ணன் செத்துப்போனது. கொம்பையா காக்கையிடம் இரங்கல் செய்தி சொல்லி அனுப்பிவிட்டு, கிழங்கு விருந்தில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றது.

மாசியில் நாணல்மடுவின் கிழட்டு முதலை செத்தது. அந்த முதலைக்கும் கொம்பையாவுக்கும் பல வருஷமாக ஆகாது. செய்தி வந்தபோது கொம்பையா வாயில் கிழங்கு இருந்தது. அதைத் துப்பிவிட்டு நேராக மடுவில் இறங்கியது. மூன்று முறை முங்கி எழுந்து, நனைந்த உடம்போடு போய்ப் படுத்துக்கொண்டது. யாரும் அதை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சுழியன் கரையில் நின்று இதைப் பார்த்தது. மறுநாளே ஆனையம்மையிடம் போய் வழக்குச் சொன்னது.

பங்குனி பிறந்து வெகு நாள் கழித்துத்தான் விசாரணை நடந்தது. ஆனையம்மை மருத மர நிழலில் நின்று இரண்டு பக்கத்தையும் கேட்டது. கீரி ஒரு மணி நேரம் பேசியது. சொல்லுக்குச் சொல் அது சொன்னது சரியாகவே இருந்தது. பங்காளி இன்னார் என்று மரத்தில் எங்கேயும் இல்லைதான். ஆனையம்மைகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

கொம்பையா அதோடு சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, அந்த நாலு மடுவையும் நாங்க எப்பவோ தலைமுழுகியாச்சு. இப்ப அவங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றது.

சுழியன் முன்னால் வந்தது.

"தலைமுழுகினது வாஸ்தவம்தாம்மா. நானே பார்த்தேன். நாணல்மடு முதலைத் தாத்தா செத்த அன்னைக்கு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனையம்மை சிரிக்கவில்லை. கொம்பையா பக்கம் திரும்பியது.

"உச்சியில வரையாட்டுக்கு அண்ணன் செத்தானே, அன்னைக்கு முழுகினியா?"

"இல்லைம்மா."

"அப்ப முதலை செத்ததுக்கு மட்டும் ஏன் முழுகின?"

"அது எப்படிம்மா? பங்காளி செத்தா முழுகாம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா நாக்கைக் கடித்துக்கொண்டது. கீரி கண்ணை மூடிக்கொண்டது.

அதற்கு மேல் ஆனையம்மை யாரையும் கேட்கவில்லை. யார் சாவுக்குத் தலைமுழுகுகிறோமோ அவரே பங்காளி. பழம் அதிகம் தருகிறவரெல்லாம் பங்காளி ஆகிவிட மாட்டார். சுழியன் இனி உச்சிக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த நெல்லிக்காய் அது ஓடிச் சம்பாதித்தது, திருப்பித் தர வேண்டியதில்லை. இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு, சுழியனை மட்டும் பக்கத்தில் அழைத்தது.

"நீ ஜெயிச்சுட்டப்பா. ஆனா போன நாளை என்னால வாங்கித் தர முடியாது."

சுழியன் தலையாட்டியது. ஜெயித்த சந்தோஷத்தில் அந்தச் சொல் அதன் காதில் சரியாக ஏறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கல்மடுவுக்கு அதன் பிறகு உச்சியில் தோல்விமேல் தோல்வி. தோற்கிறவர்களைப் பார்க்க உச்சிக்காரர்கள் பழம் கொண்டுவருவார்களா? அடுத்த ஆண்டு நீங்கள் வர வேண்டாம் என்று அதே காக்கையிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொம்பையாவின் தொந்தி வற்றியது.

சித்திரை பிறந்ததும் பொட்டலிலிருந்து ஆள் வந்துவிட்டது. இருந்த ஒரு பள்ளமும் வறண்டுவிட்டது, உடனே வா என்றார்கள். சுழியன் விட்டுப்போன பாடங்களை யாரிடமாவது கேட்டுக்கொள்ள நினைத்திருந்தது. அதற்கு நேரம் இல்லாமல் போயிற்று. அப்படியே கிளம்பிவிட்டது.

மந்தையில் நான்கு குட்டிகள் நாக்குத் தள்ளிக் கிடந்தன. சுழியன் பொட்டலைச் சுற்றி வந்தது. காய்ந்த தரையில் ஓர் இடத்தில் மட்டும் பச்சையாகச் சின்னச் செடிகள் நின்றன. பச்சை இருந்தால் அடியில் தண்ணீர் உண்டு, இது அது படித்த பாடம். குளம்பால் தோண்டியது. தண்ணீர் ஊறியது. மந்தையே ஆரவாரம் செய்தது.

முதல் குட்டி வாய் வைத்துவிட்டுத் துப்பியது. தண்ணீர் உப்புக் கரித்தது.

சுழியன் இன்னோர் இடத்தில் தோண்டியது. அங்கேயும் உப்பு. உப்புத் தண்ணீருக்கு மேல் எந்தச் செடி நிற்கும், நல்ல தண்ணீருக்கு மேல் எது நிற்கும் என்று பிரித்துப் பார்க்கும் பாடம் ஒன்று இருந்தது. அந்தப் பாடம் நடந்தபோது அது ஊரில் இல்லை.

சுழியன் ஓடியது. பொட்டலைத் தாண்டி, முள்காட்டைத் தாண்டி, நாணல்மடு வரை நிற்காமல் ஓடியது. அதுவரை எந்தப் பந்தயத்திலும் அப்படி ஓடியதில்லை. கரையில் நின்று பார்க்க ஓர் அணில்கூட இல்லை. சொரிமுத்து சேற்றில் கிடந்தது. நல்ல தண்ணீரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சுழியன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டது.

"பாடம் நடக்கும்போது நீ எங்கலே போன?" என்றது சொரிமுத்து.

"உச்சியில ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்."

சொரிமுத்து சேற்றிலிருந்து தலையை நீட்டியது. "இலை தடிச்சு உருண்டையா இருந்தா அது உமரிச் செடி. அது நிக்கிற இடம் எல்லாம் உப்பு. நாவல் மரம் இருந்து பக்கத்துல கறையான் புத்தும் இருந்தா, அங்க தோண்டு. ஓடுலே" என்றது.

பொட்டலின் ஓரத்தில் ஒரு நாவல் மரம் நின்றது. பக்கத்தில் புற்றும் இருந்தது. பிறந்ததிலிருந்து சுழியன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் பொழுது விடியும்போது அங்கே நல்ல தண்ணீர் ஊறியது. மூன்று குட்டிகள் தள்ளாடி வந்து குடித்தன. நான்காவது குட்டி, சுழியன் ஓடிக்கொண்டிருந்தபோதே செத்துப்போயிருந்தது. சுழியன் அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்று அழுதது.

உழைப்புக்குக் கூலி கேட்டு வாங்குவது நியாயமே. ஆனால் நாம் எதற்காக வந்தோமோ அதற்கான நாட்களை எந்தக் கூலிக்கும் அடகு வைக்கக் கூடாது, ஏனென்றால் வழக்கில் ஜெயித்தாலும் அந்த நாட்கள் திரும்பி வருவதில்லை.